பாலு வந்திருக்கான்

மலேரியா வந்து பிழைத்தவள் என்று சொன்னால் எங்கள் தெருவில் கேட்கிற முதல் கேள்வி, "ஏன், கொசுவர்த்தி வைக்கலியா?" என்பதுதான். இரண்டாவது, "காய்ச்சல்தான வந்துச்சு, அதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போது பராகூவில் இருக்கிற நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் முழுகாமல் இருக்கிறார்கள். "அக்கா, என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா எழுதி அனுப்புங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கொசுவர்த்தியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பராகூ, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் பெனின் என்ற சின்ன நாட்டில் இருக்கிறது. என் கணவர் செல்வினுக்கு அங்கே முந்திரிக்கொட்டை வாங்குகிற வேலை. கிராமம் கிராமமாகப் போய், கொட்டையை வெட்டிப் பார்த்து, பருப்பு எவ்வளவு தேறும் என்று கணித்து, மூட்டை ஏற்றிவிட வேண்டும். அந்த மூட்டைகள் கப்பலேறி எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் வந்து இறங்கும். "என்னால வர முடியல, என் மூட்டையாவது ஊரப் பாக்கட்டும்" என்பார் செல்வின்.

கல்யாணமாகி அங்கே போன முதல் வருஷமே எனக்கு மலேரியா வந்தது. செத்துப் பிழைத்தேன். கட்டிலே ஆடுகிற மாதிரிக் குளிர், அப்புறம் நெருப்பாகக் காய்ச்சல், அப்புறம் படுக்கை நனைகிற வேர்வை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாலு?" என்று கேட்டாள். அங்கே பிரெஞ்சு பேசுவார்கள். மலேரியாவுக்கு அவர்கள் சொல்வது பாலு. காய்ச்சலில் கிடந்த எனக்கு, இவள் ஏன் நம் ஊர் ஆம்பளை ஒருத்தனை விசாரிக்கிறாள் என்று குழப்பம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலேரியாவுக்கு அதுவே பேராகிவிட்டது. "பாலு வந்திருக்கான்." "பாலு போயிட்டானா?" "பாலு அண்ணாச்சிக்கு நம்ம வீட்டு மேல என்ன பாசம் பாரு."

அடுத்தடுத்து வந்தபோது பாலுவின் வீரியம் குறைந்துகொண்டே போனது. நான்கைந்து வருஷத்தில் வெறும் தலைவலி, மேல்வலி, கொஞ்சம் காய்ச்சல் என்று ஆகிவிட்டது. மாத்திரை போட்டுவிட்டு எழுந்து மீன்குழம்பு வைத்திருக்கிறேன். அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கும் அப்படித்தான், உடம்பு பழகிவிடும் என்றார்கள். என் உடம்பும் பழகிவிட்டது என்று எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

அப்புறம்தான் பிள்ளை உண்டானது. இத்தனை வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதில் எங்கள் பக்கத்தில் பேச்சே கிடையாது. ஏழாம் மாதத்தில் விமானம் ஏறிச் சாயர்புரம் வந்து சேர்ந்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மா முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். நான் வந்த அன்றைக்கே மிச்சத் துணியில் பிள்ளைக்குச் சட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஆணா பொண்ணான்னு தெரியாம என்னம்மா தைக்க?" என்றால், "பொறந்த பிள்ளைக்கு எல்லாம் ஒரே சட்டதான், சும்மா கெட" என்றாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் துபாயில் இருக்கிறோம் என்றுதான் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். விமானம் துபாயில் மாறித்தான் வரும் என்பதால் அது முழுப்பொய் இல்லை என்பது அவள் வாதம். "ஆப்பிரிக்கான்னு சொன்னா, அப்பன் இல்லாத பிள்ளைய எங்கயோ தள்ளிவிட்டுட்டாளேன்னு பேசுவாளுவ. துபாய்ன்னா வாய மூடிக்கிடுவாளுவ." நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஊருக்குச் சொன்ன கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. குளிர் இல்லை, நடுக்கம் இல்லை. வரும், போகும். முகம் வெளுத்துக்கொண்டே போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாச்சி உடம்பு, வெயில் காலம் வேறு, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் பிள்ளை வயிற்றில் அசைவது குறைந்த மாதிரி இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து மெதுவாக ஓர் அசைவு. அம்மா மிஷினை மூடிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது அந்த ஆஸ்பத்திரி. நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் போகும், ஜன்னல் கண்ணாடி அதிரும். சேர்க்கிற இடத்தில் கேள்வி கேட்ட டாக்டரம்மா எங்கள் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது. "சமீபத்துல எங்கயும் வெளியூர் போனீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், "துபாய்ல இருந்தா டாக்டர். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா." பழக்கத்தில் வந்த பதில். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அசைகிறதா என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் சிவப்பணு பாதியாகக் குறைந்திருந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைவு. டெங்கு இல்லை. டைபாய்டு இல்லை. விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தேய்த்து மலேரியாவும் பார்த்தார்கள், அதுவும் இல்லை. "மலேரியா நெகட்டிவ்" என்று சிஸ்டர் சொன்னபோது, நான் படுத்துக்கொண்டே தலையை ஆட்டினேன். பாலுவை எனக்குத் தெரியாதா? அவன் வந்தால் கட்டிலை ஆட்டிக்கொண்டுதானே வருவான்? இது வேறு என்னவோ என்றுதான் நானும் நம்பினேன்.

சிறுநீரில் கிருமி இருக்கலாம் என்று அதற்கு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். "துபாய்ல இருந்து வந்திருக்கியளாமே, அங்க தங்கம் விலை கம்மியாமே?" நான் வயிற்றில் கை வைத்து அசைவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குத் தங்கம். வந்த கோபத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ, நல்லவேளையாக என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஸ்கேனில் டாக்டரம்மா வெகு நேரம் ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "பிள்ளை வளர்ச்சி கொஞ்சம் பின்னாடி இருக்கும்மா" என்றார். "நஞ்சுக்கொடி வழியாப் போற ரத்த ஓட்டம் பத்தல. நஞ்சுதான் பிள்ளைக்குச் சாப்பாடும் காத்தும் குடுக்குறது. அதுல என்னவோ கோளாறு. என்னன்னு தெரியல." இன்னும் குறைந்தால் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்றார். இப்போதே எடுத்தால் நுரையீரல் முற்றியிருக்காது. அதை முற்ற வைக்க எனக்கு ஊசி போட்டார்கள். உள்ளே இருந்தால் பட்டினி, வெளியே வந்தால் மூச்சு இல்லை. பிள்ளைக்கு எந்தப் பக்கமும் இடம் இல்லையே என்று நினைத்து நான் வாய்விட்டு அழுதேன். அம்மா என் காலை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

செல்வினிடம் போனில் பேசும்போது குரலைச் சரிசெய்துகொண்டு பேசினேன். முந்திரி சீசன் உச்சத்தில் இருந்தது. விட்டுவிட்டு வந்தால் அந்த வருஷத்து வேலையே போய்விடும். "சாதாரணக் காய்ச்சல்தாங்க, பிள்ள நல்லா இருக்கு" என்றேன். "பாலு இல்லியே?" என்று கேட்டார். "அவன் இல்லங்க, டெஸ்ட்டு எடுத்துப் பாத்தாச்சு" என்றேன்.

வயிற்றில் ஒரு பெல்ட் கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பை ஒரு மிஷினில் கேட்க வைப்பார்கள். நாட்டுப்படகு மோட்டார் தூரத்தில் போகிற மாதிரிச் சத்தம். அது சீராகப் போகும்வரை நானும் மூச்சு விடுவேன். கொஞ்சம் மந்தமானால் சிஸ்டர் வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைப்பாள், ஆக்ஸிஜன் வைப்பாள். சத்தம் மறுபடி எழும்பும். ஒரு தடவை எழும்ப ரொம்பத் தாமதமானது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. அந்த மத்தியானம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நான் பினாத்தினேன் என்று சொன்னார்கள். சிஸ்டர் காதில் விழுந்தது "பாலு, பாலு" என்பது. "அக்கா பாலு கேக்காங்க, ஆத்திக் குடுங்கம்மா" என்று ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாளாம். கண் விழித்தபோது ஆடை படிந்த அந்தப் பால் என் தலைமாட்டில் இருந்தது.

ஆனால் அம்மா மாறிப்போயிருந்தாள். அதுவரை, "ஏளா, ஒரு வாய் கஞ்சி குடி, வெறும் வயித்துல மருந்து ஏறுனா கொடலு புண்ணாயிரும்லா" என்று என்னைப் பாடாய்ப் படுத்தியவள், கஞ்சிப் பக்கமே திரும்பவில்லை. என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. செல்வின் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மடியில் பைபிள் திறந்திருந்தது, ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

டாக்டரம்மா என்னிடம் சொல்லாததை இவளிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். "எம்மா, பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா? மறைக்காதம்மா" என்று கேட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்தாள். "ஒன்னும் ஆவல. நீ படு. நான் இந்தா வாரேன்" என்று சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். சண்டைக்குப் போகிறவள் நடை அது.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தார். அம்மா வரவில்லை. சிஸ்டரை வெளியே அனுப்பிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"ஷீபா, ஒரே ஒரு கேள்வி. பயப்படாம சொல்லுங்க. பாலு யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காய்ச்சலிலும் சிரித்தேன். "அது ஆளு இல்ல டாக்டர். மலேரியா. அங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எங்க? துபாய்லயா?"

"துபாய் இல்ல டாக்டர். அது அம்மா ஊருக்குச் சொல்லுதது. நாங்க இருக்கது ஆப்பிரிக்காவுல. பெனின்ல."

அவர் கை என் கையை இறுக்கியது. எத்தனை வருஷம் இருந்தாய், எத்தனை முறை வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்று சரமாரியாகக் கேட்டார். "அதான் டெஸ்ட் எடுத்து இல்லன்னு சொல்லிட்டீங்களே டாக்டர்" என்றேன். "விரல்ல குத்துன ரத்தத்துலதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, நடந்துகொண்டே யாரையோ போனில் கூப்பிட்டார். கூப்பிட்டது அவரோடு படித்த ஒரு தொற்றுநோய் டாக்டரை என்று பிறகு தெரிந்தது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை அட்டையில் பார்க்கிற சோதனை. மலேரியாக் கிருமி ரத்தத்தில் விடுகிற பொருளைக் கண்டுபிடிக்கும் அட்டை. கிருமியே கண்ணில் படாவிட்டாலும், அது விட்ட பொருள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கோடு விழுந்தது. ரொம்ப மங்கலான கோடு, டாக்டரம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே மலேரியா ஊசி ரத்தக்குழாயில் ஏறியது. ரத்தமும் ஏற்றினார்கள். எங்கள் சபையில் இருந்து இரண்டு அண்ணன்மார், சாயர்புரத்தில் இருந்து பைக்கில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு காப்பி கூடக் குடிக்காமல் போனார்கள்.

காய்ச்சல் இறங்கின பிறகுதான் டாக்டரம்மா எனக்கும் அம்மாவுக்கும் உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

இந்த மலேரியாக் கிருமி ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் குடியேறும். சும்மா ஓடிக்கொண்டிருந்தால் மண்ணீரல் அதை வடிகட்டிக் கொன்றுவிடும். அதனால் அது ஒரு வேலை செய்யும். தான் இருக்கிற சிவப்பணுவின் வெளிப்பக்கத்தில் ஒரு புரதத்தை நீட்டி வைக்கும். அதை வைத்து ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரல் பக்கமே போகாது. ஆனால் வெளியே நீட்டின புரதத்தை நம் உடம்பு பார்த்துவிடும். அதற்கு எதிர்ப்புப் பொருள் தயார் செய்யும். அது தயாராவதற்குள், கிருமிக் கூட்டத்தில் சில வேறு புரதத்துக்கு மாறியிருக்கும். ஏறக்குறைய அறுபது விதம் அது கைவசம் வைத்திருக்குமாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போடும்.

"சட்ட மாத்துத மாரியா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"அதேதாம்மா. ஒரு சட்டையை உடம்பு அடையாளம் கண்டுபிடிச்சா, அடுத்த சட்டை."

வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்ததில் என் உடம்பு நிறையச் சட்டைகளைப் பார்த்துப் பழகியிருந்தது. பாலு வரவர இளைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அவனிடம் ஒரு சட்டை இருந்தது, நான் பார்க்காதது. அந்தச் சட்டை ஒட்டுகிற இடம் நஞ்சுக்கொடி மட்டும்தான். வயிற்றில் பிள்ளை இல்லாதவளுக்கு நஞ்சு இல்லை, அதனால் அந்தச் சட்டைக்கு வேலையும் இல்லை. அது அவள் உடம்புக்கு அறிமுகமே ஆகாது. பிள்ளை உண்டானதும், முதல் முறையாக, ஒட்டிக்கொள்ள ஒரு புது இடம் வருகிறது. உடம்பில் அதற்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை. கிருமி எல்லாம் நஞ்சில் போய்க் குவிந்துவிடும். விரலில் குத்தினால் அகப்படாது. குளிர், நடுக்கம் கூட இல்லாமல் இருக்கலாம். தாய்க்கு ரத்தம் வற்றும், பிள்ளை வளராது.

"தலைப்பிரசவத்துலதான் இது ரொம்ப மோசம்" என்றார் டாக்டரம்மா. "அடுத்தடுத்த பிள்ளைக்கு உடம்பு அந்தச் சட்டையையும் கத்துக்கிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ என் தலைச்சன் பிள்ளைய வச்சித்தான் என் உடம்பு பாடம் படிக்கணுமா டாக்டர்?" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அதுக்குத்தான் அந்த ஊர்ல கர்ப்பிணிகளுக்கு மாத்திரை குடுக்காங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள்தான். காய்ச்சலே இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் மூன்று மாத்திரையை அவர்கள் முன்னாலேயே விழுங்கச் சொல்வார்கள். ஒரு முறை விழுங்கினேன். அடுத்த முறைக்குள் ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பராகூப் பெண்களே, இதை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் உடம்பு பழகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள், ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக எங்கிருந்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கிருமி போனது. ஆனால் நஞ்சு பட்ட பாடு பட்டதுதான். சில நாள் கழித்து ஒரு காலையில், அந்த மோட்டார் சத்தம் மந்தமாகி, எழும்பவே இல்லை. சிஸ்டர் என்னை இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள். டாக்டரம்மா வந்து ஒரு கணம் கேட்டார். "எடுத்துரலாம்" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அம்மா தியேட்டர் கதவு வரைக்கும் கூடவே ஓடிவந்தாள். கதவு மூடும்போது அவள், "ஏளா, பயப்படாத, எது வந்தாலும் அம்ம இருக்கேன்" என்று சொன்னது கேட்டது. எது வந்தாலும் என்று ஏன் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது, அதற்குள் முதுகில் ஊசி ஏறிவிட்டது.

பெண் பிள்ளை. என் உள்ளங்கையும் முழங்கைக்குப் பாதியும் போதும், அவ்வளவுதான் ஆள். உடனே அழவில்லை. யாரோ தேய்த்தார்கள், யாரோ குழாய் வைத்தார்கள். நான், "அழுளா, அழுளா" என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தேன். பிறகு கதவிடுக்கில் பூனைக்குட்டி மாட்டின மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது. டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார்.

பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதன் ரத்தத்திலும் பார்த்தார்கள், மலேரியா இல்லை. நஞ்சை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி தின்று போட்ட மிச்சம் கறுப்புப் பொடியாக அதில் அப்பியிருந்ததாம்.

செல்வின் வேலை போனாலும் போகட்டும் என்று வந்து சேர்ந்தார். பெட்டிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அவர் வந்ததில் இருந்து அம்மா செய்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும். தினமும் சீலா மீன் வாங்கிப் பொரிக்கிறாள். இருக்கிறதிலேயே பெரிய துண்டு அவர் தட்டில். "போதும் அத்தை" என்றால் இன்னொன்று. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். "ஒங்க அம்மா ஏன் என்னயப் பாத்தாலே அழுவுதாங்க?" என்று செல்வின் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

சுகாதாரத்துறையில் இருந்து ஆட்கள் சாயர்புரம் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர்த்தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னிடம் இருந்து கொசு வழியாகப் பரவியிருக்குமா என்று பார்க்க. யாருக்கும் இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. "துபாய்ல மலேரியா உண்டா?" என்று ஒருத்தி இழுத்தாள். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "துபாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எம் மவ ஆப்பிரிக்கால இருக்கா. பெனின். போதுமா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

பிள்ளை எடை கூடி வீட்டுக்கு வந்து, மறுபரிசோதனைக்குப் போனபோதுதான் எனக்கு மிச்சக் கதை தெரிந்தது. அம்மா வீட்டில் இருந்தாள், செல்வின் மருந்து வாங்கப் போயிருந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "ஒங்க அம்மா மட்டும் அன்னைக்கு என் ரூம் கதவைச் சாத்திட்டு அப்படிச் சொல்லலைன்னா, இவ இல்ல" என்றார்.

"நான் பினாத்துனதச் சொன்னாங்க, அதான டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவங்க ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா?" பிள்ளையை என் மடியில் வைத்தார். "தெரிஞ்சுக்கிட வேண்டிய விஷயம்தான்" என்று சொல்லிவிட்டுச் சொன்னார்.

அன்று மத்தியானக் காய்ச்சலில் நான் பினாத்தியது வெறும் "பாலு" இல்லை. "பாலு வந்திருக்கான். என் வயித்துல இருக்கான். அவருகிட்ட மட்டும் சொல்லிராதம்மா." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாததை உடம்பு கண்டுபிடித்ததோ என்னவோ, தெரியாது. செல்வினிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார் என்று பயந்திருப்பேன். ஆனால் அம்மாவுக்குப் பாலு என்றால் மலேரியா என்று யார் சொன்னது? அவள் கேட்டது ஓர் ஆம்பளையின் பெயர்.

டாக்டரம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே அம்மா சொன்னது இது: "டாக்டர், எம் மவ வயித்துல இருக்க பிள்ளைக்கு அப்பன் வேற ஆளு போலருக்கு. பாலுன்னு பேரு. நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன், துபாய் இல்ல, ஆப்பிரிக்கா. அந்த ஆளுகிட்ட இருந்து ஏதாவது சீக்கு ஒட்டியிருந்தா, அதுக்கும் சேத்து வைத்தியம் பாருங்க. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவரு வேண்டாம்னு சொல்லிட்டா, ரெண்டு பேரையும் நான் வச்சுக் காப்பாத்திக்கிடுதேன்."

ஆப்பிரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரம்மா எழுந்துவிட்டார். மீதியை என்னிடம் வந்து கேட்டுக்கொண்டார். துபாயா என்று என்னைக் கேட்டது, என் வாயாலும் உறுதி செய்துகொள்ளத்தான். பிள்ளை பிறந்த பிறகுதான் ஞாபகம் வந்து, அம்மாவிடம் போய், பாலு ஆள் இல்லை, காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். அப்போது அம்மா சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

வீட்டுக்குத் திரும்பினோம். செல்வின் தெருமுனையில் யாரோடோ பேச நின்றுவிட்டார். அம்மா முன்னறையில் மிஷினில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து அவள் முன்னால் நின்றேன்.

"எம்மா. என்னயப் பத்தி அப்படியா நெனச்ச?"

மிஷின் நின்றது. எதை என்று அவள் கேட்கவில்லை.

"நெனச்சேன்."

"கோவம் வரலியா?"

"வராம? ஒன்ன அங்கனயே நாலு சாத்து சாத்தணும்னு வந்துச்சு." ஊசியில் இருந்து நூலை உருவினாள். "நீ பொழச்சாத்தானளா சாத்த முடியும்."

அவள் தோளைப் பிடிக்கப் போனேன். உள்ளே பிள்ளை சிணுங்கியது.

"எதுக்கு மரம் மாரி நிக்க?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைக்காமல். "பிள்ள அழுவுதுல்லா. போயிப் பாலக் குடு."